பாரிஸில் ஒரு பெண் வீடு

எங்கள் காயல்பட்டினத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவைக்கும் வழக்கம் கிடையாது. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது. அவள் பிறந்த வீடும் அதுதான், மவுத்தாகிற வீடும் அதுதான். நானும் அப்படிப் போனவன்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் மனைவி வீட்டு அலமாரியைத் திறக்குமுன் ஒரு தரம் தொண்டையைக் கனைத்துக்கொள்வேன்.

அப்படியிருக்க, பாரிஸில் வேலை பார்க்கும் என் மருமகன் ஜெய்லானி, "ருக்கையாவை இங்கே அழைத்துக்கொள்கிறேன், இடம் இருக்கிறது" என்று எழுதியதும் எங்கள் வீடு சாவு விழுந்த மையத்து வீடு மாதிரி ஆகிவிட்டது. தெருவில் உள்ள பெண்கள் எல்லாம் பின்வாசல் வழியாக வந்து கூடிவிட்டார்கள். என் மனைவி ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்: "அவர் வீட்டுக்கு என் மகளை அனுப்பறதா? அவருக்கு ஏது வீடு?"

ருக்கையா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க வாப்பா. நீங்க சரின்னா சரி, வேணாம்னா வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அத்தோடு என் தூக்கம் போயிற்று. நான் ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கொழும்பில் ஒரு ரத்தினக்கல் கடைக்கு வேலைக்குப் போனவன். நல்ல கல்லை லென்ஸில் வைத்து அதில் எங்கே விரிசல் இருக்கிறது என்று தேடுவதுதான் நான் கற்ற ஒரே வித்தை. கல்லை விட்டுப் பல வருஷமாகிவிட்டது, தேடுகிற பழக்கம் மட்டும் விடவில்லை.

வியாழக்கிழமை போய் இறங்கினேன். ஜெய்லானிக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. விமான நிலையத்திலிருந்து நேராக லா ஷப்பலுக்கு, தான் வேலை பார்க்கும் மளிகைக்கடைக்கே கூட்டிப்போய்விட்டார். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற நீளத் தெருவின் வடக்குக் கோடியில் கடை. பாரிஸ் என்றால் இரும்புக் கோபுரம் என்று நினைத்து வந்தவனுக்கு முதலில் கிடைத்தது கருவாட்டு வாசனை. கண்ணை மூடினால் கொழும்புதான். பேச்சும் அப்படியே.

கடை முதலாளி தவம் யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். நான் காயல்காரன் என்று கேட்டதும் கொழும்பில் முஸ்லிம்களை அண்ணன் முறையில் கூப்பிடும் வழக்கப்படி 'நானா' என்றே அழைத்தார்.

"வாங்கோ நானா, இருங்கோ. மருமோன்ர வீடு பாக்க வந்தனீங்களாம்?"

"எங்கள்ல மருமகன் வீடுன்னு ஒண்ணு கிடையாதுங்க. மகள் வீடுதான்."

"அப்ப உங்கட மருமோன் ஆர்? வாடகைக்கு இருக்கிறவரோ?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். நானும்தான்."

தவம் வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்கட பக்கமும் வீடு பெட்டைக்குத்தான் நானா, சீதனமாப் போகும். ஆனா வாசல் படலையிலை பேர் மட்டும் ஆம்பிளையின்ர. அந்த ஒரு பலகையிலைதான் எங்கட மரியாதை தொங்குது."

அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து இடியப்பமும் சொதியும் கொடுத்தார்கள். சாப்பிடும்போதும் ஒரு கை பாஸ்போர்ட் இருந்த சட்டைப்பையின் மேலேயே இருந்தது. "நானா, அது பறக்காது, ரெண்டு கையாலையும் சாப்பிடுங்கோ" என்றார் தவம். முள் எடுக்கவேண்டிய மீன் குழம்பும் வந்ததால் அப்படியே செய்தேன்.

ஜெய்லானி தங்கியிருப்பது லா கூர்னெவ் என்ற புறநகரில். கடை மூடும்வரை நான் காத்திருக்கவேண்டாம் என்று கார் து நோர் நிலையத்தில் ரயிலேற்றிவிட்டார். "அடுத்தடுத்து ரெண்டே நிறுத்தம் மாமா. அங்கே அலின்னு ஒருத்தர் நிப்பார். நான் குடியிருக்கிற வீட்டுக்காரர்." எனக்கு ரயிலில் சந்தேகம் வந்தது. எதிரில் இருந்தவரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டேன், அவர் தோளைக் குலுக்கினார். நான் சொன்ன உச்சரிப்பில் அது எந்த ஊராகவும் இருந்திருக்கலாம். ரயில் ஒரு நிலையத்தை நிற்காமல் தாண்டியது. நடைமேடையில் நரைத்த தாடியும் வெள்ளைத் தொப்பியுமாக ஒரு கறுப்பு மனிதர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அப்புறம்தான் அது அலி என்பதும், அந்த ரயில் அங்கே நிற்காத ரயில் என்பதும் புரிந்தது. காலையில் இறங்கிய விமான நிலையத்தின் பக்கத்துக்கே திரும்பவும் போய்விட்டேன். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நிலையத்தில் ஒரு பெண் என் கையைப் பிடித்து எதிர் வண்டியில் ஏற்றிவிட்டாள். அலி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். சலாம் சொல்லிவிட்டு, "முதல் தரம் வருகிற எல்லோருக்கும் இப்படி ஒரு சலாம் உண்டு" என்றார் இங்கிலீஷில்.

அலி குமொரோ தீவுக்காரர். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே கடலில் இருக்கிறதாம், எல்லோரும் முஸ்லிம்கள். சின்ன வயதில் சான்சிபாரில் வளர்ந்ததால் அவருக்கு இங்கிலீஷ் வரும். எனக்குக் கல் கடை இங்கிலீஷ். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நடந்தன.

வீடு பெரிய அடுக்குமாடியில் மேல்தளம். கதவைத் திறந்தது அலியின் மனைவி ஜைனபா. ஆள் உயரம், குரலும் உயரம். விடியுமுன்னே போய் ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்கிற வேலை. அலி உள்ளே நுழையும்போது வாசலில் தொண்டையைக் கனைத்தார். நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன்.

தேங்காய்ப்பாலில் மீன், இடித்த மரவள்ளி இலையைத் தேங்காய்ப்பாலில் குழைத்து ஒரு கறி, சோறு. பெரிய தட்டு ஒன்றை நடுவில் வைத்து ஆண்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். எங்கள் ஊர்க் கல்யாணக் களறிச் சாப்பாட்டில் ஒரே தட்டில் இரண்டு பேர் கைவைப்போமே, அதே முறை. வயிறும் மனசும் குளிர்ந்தது. குளிர்ந்த கொஞ்ச நேரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. மீனில் நல்ல நடுத்துண்டை ஜைனபா எனக்கு வைக்கவில்லை, விருந்தாளியான எனக்கு! கடையிலிருந்து வந்து உட்கார்ந்த ஜெய்லானியின் முன்னால் வைத்தார். ஜெய்லானியும் அது தனக்கு உரியது என்பதுபோலச் சாப்பிட்டார். அவர்களுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் ஹதீஜா கல்யாண வயது. தாய் குமொரோ பேச்சில் ஏதோ சொல்ல, அவள் பிரெஞ்சில் பதில் சொல்லிக்கொண்டே ஜெய்லானிக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு அலியும் நானும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினோம். அவர்கள் ஊரிலும் வீடு பெண்ணுக்குத்தானாம்! தகப்பனும் தாய்மாமனும் சேர்ந்து பெண்ணுக்கு வீடு கட்டவேண்டும். மாப்பிள்ளை ஊர்வலமாக வந்து அந்த வீட்டுக்குள் நுழைவார். அலி இங்கே கிட்டங்கியில் பெட்டி தூக்கிய சம்பாத்தியம் எல்லாம் அங்கே ஹதீஜாவின் வீட்டுச் சுவராக நிற்கிறது.

"நீங்க ஊருக்குத் திரும்பினா எங்கே இருப்பீங்க?" என்று கேட்டேன்.

"பெண்டாட்டி வீட்டில், அவள் கதவைத் திறந்தால்."

"திறக்கலேன்னா?"

"என் அக்கா வீட்டுக்குப் போவேன். உங்களுக்கு?"

"எனக்கும் அக்கா வீடுதான்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கீழ்த்தளத்தில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் நம்மை மாதிரியே சொந்தமாக ஒரு கதவில்லாத ஆண்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு எத்தனை பெரிய ஆறுதல்! காயலில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள், 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று. இங்கே ஒரு தீவு முழுக்க வீட்டோடு மாப்பிள்ளைகள்.

அலி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "எங்களிடம் ஓர் ஆண் ஒரு வீட்டில் தங்குகிறான் என்றால் அது அவன் பெண்டாட்டியின் வீடு, இல்லையென்றால் சகோதரியின் வீடு. மூன்றாவது வீடு கிடையாது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் ஊரிலும் கணக்கு அதுதானே. ஜெய்லானிக்கு இங்கே சகோதரி கிடையாது. அப்படியானால்? நடுத்துண்டு மீன், ஹதீஜா கொண்டுவந்த தண்ணீர், 'இடம் இருக்கிறது' என்று எழுதிய எழுத்து எல்லாம் வரிசையாக வந்து நின்றன. என் மகளுக்கு மேல் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டாரோ? கேட்டுவிடலாம்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் அன்றைக்குக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் என் பயத்துக்குக் கைகால் முளைத்தது. வீட்டில் இறைச்சி வேகிற வாசனை. ஜைனபா முகத்தில் சந்தனத்தை அரைத்துப் பூசிக்கொண்டார், பூவேலை போட்ட துணியைப் போர்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கைதட்டிப் பாடினார்கள். ஹதீஜா அறையை விட்டு வெளியே வரவில்லை. ஜெய்லானி கடைக்குப் போகாமல், இஸ்திரி போட்ட புதுச் சட்டையில், அத்தர் மணக்கக் கூடத்தின் நடுவில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கீழேயிருந்து ஆண்கள் கூட்டமாக ஏறிவந்தார்கள். வந்தவர்கள் அலிக்குக்கூட அப்புறம்தான் சலாம் சொன்னார்கள். முதலில் ஜெய்லானியின் கையைப் பிடித்தார்கள்.

மரியாதையாவது ஒன்றாவது என்று கூட்டத்தைத் தாண்டிப்போய் அவர் தோளைப் பிடித்து பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"மாப்பிளே, இது யாரோட கல்யாணம்?"

"கல்யாணம் இல்லை மாமா, பேசி முடிக்கிறாங்க. ஹதீஜாவுக்கு."

"மாப்பிள்ளை யாரு?"

"அந்தா, மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு வேர்த்து ஊத்துதே, அவர்."

எட்டிப் பார்த்தேன். பாவம், நிஜமாகவே வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப நீங்க எதுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கீங்க?"

"நான் தாய்மாமன், மாமா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் வெட்கத்தோடு விளக்கினார். ஜைனபாவின் சகோதரர்கள் எல்லோரும் தீவில் இருக்கிறார்கள். தாய்மாமன் இல்லாமல் பெண்ணைப் பேசி முடிக்க முடியாது. வாடகைக்கு வந்த புதிதில் ஜெய்லானிக்குக் காய்ச்சல் கண்டு படுத்தபோது ஜைனபா கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார். எழுந்து உட்கார்ந்ததும், 'என் வீட்டில் படுத்து எழுந்தவன் என் தம்பி' என்று அறிவித்துவிட்டாராம். அன்றிலிருந்து நடுத்துண்டு இவருக்கு.

"என்ன மாமா, ஏன் கேக்கறீங்க?" என்றவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "அல்லா! நான்தான் மாப்பிள்ளைன்னு நெனச்சிட்டீங்களா?"

பின்னாலேயே வந்த அலி என்னவென்று கேட்க, ஜெய்லானி அதைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டார். கூட்டம் சாப்பிட்டுக் கலைந்ததும் அலி அதை ஜைனபாவிடம் நடித்தே காட்டினார். நான் தோளைப் பிடித்து இழுத்ததும் அதில் உண்டு. ஜைனபா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சந்தனம் விரிசல் விட்டு உதிர்ந்தது. சிரித்து முடித்ததும் என் எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் பிரெஞ்சில் சொல்ல, அலி எனக்குச் சொன்னார்.

"நல்ல தகப்பன். வீடு பார்க்க வந்திருக்கிறார். பார்த்துவிட்டாரா?"

"மருமகன் தன் அறையைத்தான் காட்டினார்" என்றேன்.

ஜைனபா ஜெய்லானி பக்கம் திரும்பினார். "உன் மனைவியை எங்கே கொண்டுவந்து வைக்கப் போகிறாய்?"

"இப்போதைக்கு இங்கேதான் அக்கா. என் அறையில்."

"முடியாது."

ஜைனபா கோபப்படவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "இது என் வீடு. தம்பிக்கு இங்கே எப்போதும் சோறு உண்டு. தம்பி பெண்டாட்டிக்கு விருந்து உண்டு, குடித்தனம் கிடையாது. என் அடுப்பை அவள் கேட்டுக் கேட்டுப் பற்றவைக்கவேண்டும். நாளைக்கு உங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்தால் யார் வெளியே போவது? அவளா? போய் எங்கே நிற்பாள், அந்த ரயில் நிலையத்திலா?"

என் மனைவி ஊரில் கேட்டதும் இதேதான். அவளுக்கு இந்தப் பெண்பிள்ளையைத் தெரியாது, இவருக்கு அவளைத் தெரியாது.

முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இடமில்லை என்று ஊருக்குப் போய்ச் சொல்லிவிடலாம், மகள் நம் வீட்டிலேயே இருப்பாள். அப்போது ஜெய்லானி தலையைக் குனிந்து புதுச் சட்டையின் கைப்பட்டனை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்ததைப் பார்த்தேன். "மாமா, கல்யாணமாகி நாங்க சேர்ந்து இருந்தது ஒரு மழைக்காலம்தான்" என்றார் மெதுவாக. ஊரில் ருக்கையா மாலை நேரத்தில் மாடியில் போய் நிற்பது எனக்குத் தெரியும். எதற்கு நிற்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை லா ஷப்பலுக்குப் போய்த் தவத்திடம் பேச்சை எடுத்தேன். கேட்கக் கூச்சம்தான். தேங்காய் விலை, குளிர், கொழும்பு என்று சுற்றி வளைத்து வந்தேன். அவர் பாதியிலேயே மடக்கினார்.

"நானா, பொண்டி எண்ட ஊரிலை என்ர வீட்டுக்குப் பின்னாலை ரெண்டு அறையும் சமைக்கக் குசினியும் சும்மா கிடக்கு. முந்தியே ஜெய்லானிட்டைச் சொன்னனான். தனி ஆளுக்கு எதுக்கு எண்டு விட்டிட்டார்."

"வாடகையை யார் குடுத்தா என்னங்க. சாவி மட்டும் என் மகள் கையிலதான் இருக்கணும்."

"ஓம், குடுப்பம். கதவிலை பேரும் அவவின்ர பேரையே போடுவம். ஊரிலை எனக்குக் கிடைக்காத துணிவு இஞ்சையாவது வரட்டும்."

அன்றைக்கே பார்க்கப் போனோம். ஜைனபாவும் கூட வந்தார், கேட்டுக்கொண்டு வரவில்லை, கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் இடம் இருந்தும், அக்காவானாலும் மரியாதை என்று ஜெய்லானி தள்ளியே உட்கார்ந்தார். பொண்டியில் தனித்தனி வீடுகள், சின்னத் தோட்டங்கள். நான் வழக்கம்போலச் சுவரில் விரிசல் தேடினேன். ஒன்று இருந்தது, ஜன்னலுக்குக் கீழே, ஆனால் அது பூச்சில் மட்டும். ஜைனபா சுவரைப் பார்க்கவே இல்லை. குழாயைத் திறந்தார், அடுப்பைப் பற்றவைத்து அணைத்தார், பின்கதவைத் திறந்து வெளியே போனார். பின்னால் ஒரு ஒடுக்கமான சந்து, அதற்கு அந்தப் பக்கம் தவத்தின் மனைவியுடைய குசினி வாசல். எங்கள் ஊரில் ஆண்கள் கண்ணில் படாமல் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வரத் தனியாக முடுக்கு விட்டிருப்போம். அதே அகலம். தவத்தின் மனைவி அந்தக் கதவில் நின்று, "பிள்ளை எப்ப வாறா? எனக்கும் கதைக்க ஆளில்லை" என்றார்.

தவம் சாவியை நீட்டியபோது பழக்கத்தில் ஜெய்லானியின் கை முன்னால் வந்தது. ஜைனபா அந்தக் கையைத் தட்டிவிட்டுச் சாவியை வாங்கிக் கோட்டுக்கு உள்ளே தன் மடியில் முடிந்துகொண்டார். ருக்கையா வந்து திறக்கும்வரை இனி ஒரு ஆணும் உள்ளே காலை வைக்கக்கூடாதாம். அதுவரை சாவி அவரிடம். "சுவருக்கு வெள்ளை அடிக்கவேணாமா அக்கா?" என்றார் ஜெய்லானி பரிதாபமாக. "என் பெண்கள் அடிப்பார்கள்" என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை தபால் நிலையத்துக்குப் போய் ஊருக்கு டெலிபோன் போட்டோம். எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது, பக்கத்து வீட்டுக்குப் பேசி ஆளை வரவழைக்கவேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் ஜெய்லானியும் நெருக்கிக்கொண்டு நின்றோம். வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு ஒன்றும் வரவில்லை.

"வாப்பா?" என்றாள் ருக்கையா.

சரி என்றோ வேணாம் என்றோ நான் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னேன். இரண்டு அறை, அடுப்பு, ஜன்னலுக்குக் கீழே கோடு மாதிரி ஒரு விரிசல், பின்னால் முடுக்கு, எதிர் வாசலில் பேசுவதற்கு ஒரு பெண். ஜெய்லானி தங்கியிருக்கிற வீட்டில் ஓர் அக்கா இருப்பது, சாவி அந்த அக்காவின் மடியில் இருப்பது. "அந்தச் சாவி உனக்குத்தான்மா. கதவுல உன் பேர் போடுவாங்களாம். அவர் வீடு இல்லை அது, உன் வீடு. இனிமே நீதான் சொல்லணும். உனக்கு விருப்பமா?"

கொஞ்ச நேரம் கடல் இரைகிற மாதிரி சத்தம் மட்டும் வந்தது. பின்னால் என் மனைவியின் குரல், பக்கத்து வீட்டுப் பெண்களின் குரல். லைன் போய்விட்டதோ என்று பயந்து "ருக்கையா, ருக்கையா" என்று கத்தினேன். கூண்டுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேக்குது வாப்பா" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. "உம்மாவும் நீங்களும் என்னைக் கூட்டிட்டு வந்து அங்கே விட்டுட்டுப் போங்க. நான் முதல்ல வீட்டைத் திறந்து, ஒரு தரம் சோறு ஆக்கிப் பார்த்துக்கறேன். அதுக்கப்புறம் அவங்க வரட்டும். அதுவரைக்கும் அந்த அக்கா வீட்லயே இருக்கட்டும்."

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அதை அப்படியே ஜெய்லானியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார், கல்யாண ஊர்வலத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி.

"எத்தனை மணிக்கு வரணும்னு கேளுங்க மாமா" என்றார்.